கொக்கு, நாரை, வாத்துக்குஞ்சு: கேட்டதும் சொன்னதும்

பர்மாவில் பெகு பக்கம் வாத்து வளர்க்கிறேன். மோயுன்ஜி ஏரிப் பறவைகளைப் பல காலமாகக் கவனித்து வருகிறேன். இந்த இரண்டிலும் தெரிந்ததைச் சொல்கிறேன், கேளுங்கள். ஒவ்வொரு கேள்விக்கும் முன்னால் இருப்பது கேட்டவரின் ஊர்.

பெகு: ஐயா, வயலில் விட்ட குஞ்சுகளைக் கொக்கு தூக்கிவிடுகிறது. என்ன செய்வது?

எந்தக் கொக்கு என்று முதலில் பாருங்கள் தம்பி. கால் கறுப்பாகவும் விரல்கள் மஞ்சளாகவும் இருந்தால் அது சின்னக்கொக்கு. ஒரு காலைச் சேற்றில் நடுக்கும், கலைந்து ஓடுகிற மீனையும் இறாலையும் கொத்தும். மாட்டுப் பின்னால் நடப்பது உண்ணிக்கொக்கு, அதற்கு வெட்டுக்கிளியும் தவளையும் போதும். இவை இரண்டும் குஞ்சைத் தேடி வருவதில்லை.

சாம்பல் நாரையும் செந்நாரையும் அப்படியல்ல. கழுத்தை மடக்கிக்கொண்டு அசையாமல் நிற்கும், இரை எட்டும் தூரம் வந்ததும் ஒரே வீச்சில் குத்தும். தண்ணீருக்குள் மீன் தெரிகிற இடம் வேறு, இருக்கிற இடம் வேறு. நாரை அந்த வித்தியாசத்தையும் சேர்த்தே குறி வைக்கிறது. எலியை விழுங்குகிற பறவைக்கு, புதிதாகப் பொரித்த வாத்துக்குஞ்சு ஒரு வாய்தான். அந்தி சாய்ந்தால் வக்கா என்கிற இராக்கொக்கும் கிளம்பிவிடும். அதனால் இருட்டுமுன் குஞ்சுகளைக் கூட்டில் அடைத்துவிடுங்கள்.

தட்டோன்: பொரிப்பானில் பொரித்த குஞ்சுகளை எப்போது குளத்தில் விடலாம்?

அவசரமே வேண்டாம் அக்கா. தாயோடு இருக்கும் குஞ்சு அதன் சிறகில் ஒட்டி எண்ணெய் பூசிக்கொள்ளும், நனைந்தால் அடியில் போய்ச் சூடேறும். பொரிப்பான் குஞ்சுக்கு இரண்டும் கிடையாது, நனைந்து விறைத்தே செத்துப்போகும். முதல் வாரம் 32 டிகிரி சூடு வேண்டும், பிறகு வாரத்துக்கு வாரம் கொஞ்சமாகக் குறையுங்கள். குடிதண்ணீர் தட்டில் அலகும் மூக்கும் முங்கினால் போதும், உடம்பு முங்கக்கூடாது. உடம்பில் இறகு மூடிய பிறகு குளம்.

மோல்மேன்: நத்தைகுத்தி நாரையின் அலகு நடுவில் திறந்திருக்கிறதே, நத்தையை உடைக்கத்தானே?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. பாக்குவெட்டி போல அந்த இடைவெளியில் வைத்து நசுக்குகிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அது சாப்பிட்ட இடத்தில் கிடக்கும் ஓடுகளை எடுத்துப் பாருங்கள், பெரும்பாலும் உடையாமல் இருக்கும். மேல் அலகால் ஓட்டைத் தரையோடு அழுத்திக்கொண்டு, கீழ் அலகின் நுனியை உள்ளே விட்டு, ஓட்டில் ஒட்டியிருக்கும் தசையை அறுத்து, சதையை முழுசாக உருவி எடுக்கிறது. இதில் பெரும்பகுதி நீருக்குள் நடப்பதால் பார்ப்பவருக்குத் தெரிவதில்லை.

ரங்கூன்: ஓடு உடைந்து கிடந்ததை என் தாத்தாவே பார்த்திருக்கிறாரே?

பார்த்திருப்பார், மறுக்கவில்லை. ஓட்டை உடைக்க எலி உண்டு, வயலில் மிதிக்கிற மாடும் உண்டு. நாரையின் இளம் பறவையைக் கவனியுங்கள். அதன் அலகில் இடைவெளியே இருக்காது, வளர்ந்த பிறகுதான் வரும். அந்த இடைவெளி இல்லாமலே அது நத்தை தின்கிறது.

மோல்மேன்: அப்படியானால் இடைவெளி எதற்கு?

வழுக்கும் ஓட்டை அலகு நுனியில் பிடிக்க உதவுகிறது என்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. அலகு முழுவதும் மூடினால் நுனியில் அவ்வளவு பிடிமானம் கிடைக்காது.

பெகு: வெள்ளைக் கொக்கு குஞ்சைத் தின்னுமா?

முதல் பதிலைப் படியுங்கள்.

பியாப்பொன்: குளத்தில் குஞ்சு காணாமல் போகிறது, மேலே பறவையே இல்லை.

அப்படியானால் கீழே பாருங்கள். பெரிய விரால் நீந்துகிற குஞ்சைக் கீழிருந்து இழுத்துவிடும். கரையில் நீர் உடும்பு இருக்கலாம். கூட்டுக்குள்ளேயே குறைந்தால் எலியையோ கீரியையோ சந்தேகியுங்கள், கம்பிவலையின் கண் சிறிதாக இருக்கட்டும். இருட்டுமுன் அடையுங்கள் என்று இங்கேயும் சொல்கிறேன்.

தட்டோன்: மோத்தமா வளைகுடாவின் கரண்டிமூக்கு உள்ளானால் குஞ்சுக்கு ஆபத்தா?

இல்லவே இல்லை. ஏறக்குறைய சிட்டுக்குருவி அளவுதான், சேற்றில் சின்னப் புழுபூச்சி தேடுகிற பறவை. உலகில் மிகச் சிலவே மிஞ்சியிருக்கின்றன. தயவுசெய்து அதற்கு வலை போடாதீர்கள், போடுகிறவரைக் கண்டால் தடுங்கள்.

ரங்கூன்: குஞ்சுகள் தலையைத் திருகிக்கொண்டு விழுகின்றன, என்ன மருந்து?

கால்நடை மருத்துவரிடம் இன்றே காட்டுங்கள். மருந்தை நான் சொல்லக்கூடாது.

மெய்க்தீலா: கடலைப் புண்ணாக்கு கொடுக்கலாமா?

புதியது என்றால் அளவாகக் கொடுக்கலாம். பூஞ்சை பிடித்ததைக் கொடுத்தால் குஞ்சின் ஈரல் கெட்டுவிடும். அந்த நஞ்சு வாத்துக்குஞ்சை மற்ற பிராணிகளைவிடச் சீக்கிரம் தாக்கும். மழைக்காலத்தில் மூட்டையைத் தரையில் வைக்காதீர்கள், பிரித்ததும் முகர்ந்து பாருங்கள். ஊசல் வாடை வந்தால் ஆட்டுக்கும் போடாமல் குழியில் கொட்டி மூடுங்கள்.