ஓடும் உருவம் ஏன் தடுமாறுகிறது? ஸ்ப்ரைட் (விளையாட்டுகளில் அசையும் சிறு உருவப்படம்) அனிமேஷன்: கேள்வி பதில்

கேள்வி: தீப்பொறி வெடித்துச் சிதறும் காட்சியை 24 ஃபிரேம்களில் (தனித்தனிப் படங்களில்) வரைந்து, ஒவ்வொன்றுக்கும் 16 மில்லிவினாடி கொடுத்தேன். வரையும் மென்பொருளுக்குள் அரை வினாடிக்குள் முடிந்துவிடும் காட்சி, ஜிஃப் கோப்பாக மாற்றி உலாவியில் திறந்தால் இரண்டு வினாடிக்கு மேல் இழுக்கிறது. மூன்று முறை மறுபடி வரைந்தும் பயனில்லை. எங்கே தவறினேன்?

பதில்: நீங்கள் வரைந்ததில் தவறு எதுவும் இல்லை, மூன்று முறை மறுபடி வரைந்த உழைப்பு வீணானதே எனக்கு வருத்தம் தருகிறது. அசைவில் கோளாறு தெரிந்தால், வரைந்த கோப்பு, ஏற்றுமதியான கோப்பு, அதை இயக்கும் மென்பொருள் ஆகிய மூன்றில் எது காரணம் என்று பிரித்தறிந்த பிறகே தூரிகையைத் தொட வேண்டும். உங்கள் படம் மென்பொருளுக்குள் சரியாக ஓடுவதால் முதலாவதை விட்டுவிடலாம்.

ஒவ்வொரு ஃபிரேமும் திரையில் நிற்க வேண்டிய நேரத்தை, வினாடியின் நூறில் ஒரு பங்கை அலகாகக் கொண்டு, முழு எண்ணாக மட்டுமே ஜிஃப் கோப்பு பதிந்துவைக்கும். 16 மில்லிவினாடி என்பது 1.6 அலகு, அதை அப்படியே எழுத இடமில்லாததால் சில மென்பொருள்கள் பின்னத்தை வெட்டிவிட்டு 1 என்று எழுதிவிடுகின்றன. இவ்வளவு குறைந்த எண்ணைக் கண்டால், பெரும்பாலான உலாவிகள் அதை ஏற்காமல் 10 அலகாக, அதாவது 100 மில்லிவினாடியாக எடுத்துக்கொள்கின்றன. 384 மில்லிவினாடியில் முடிய வேண்டிய உங்கள் 24 ஃபிரேம்கள் 2.4 வினாடி எடுத்துக்கொள்வது இதனால்தான்.

ஃபிரேம் நேரத்தை 20 மில்லிவினாடியாக மாற்றுங்கள். ஜிஃப் கோப்பில் நம்பி வைக்கக்கூடிய மிகக் குறைந்த நேரம் அதுவே. மற்ற படங்களிலும் 30, 40, 80 எனப் பத்தின் மடங்குகளையே வையுங்கள். வினாடிக்கு 12 ஃபிரேம் என்று திட்டமிட்டு வரைபவர்கள் 83.3-க்குப் பதிலாக 80 வைத்தால், வேகம் 12.5 ஆக உயர்ந்தாலும் கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. 16 மில்லிவினாடியே வேண்டுமென்றால் ஏபிஎன்ஜி (APNG) அல்லது வெப்பி (WebP) என்ற அசையும் பட வடிவத்துக்கு மாறுவது நல்லது. ஏபிஎன்ஜி நேரத்தைப் பின்னமாகவே பதிகிறது. வெப்பி மில்லிவினாடிக் கணக்கில் பதிகிறது.

கேள்வி: மென்பொருளுக்குள்ளேயே படம் விட்டுவிட்டு ஓடுகிறது. கணினி பழையது என்பதுதான் காரணமா?

பதில்: கணினியைக் குறை சொல்வதற்கு முன் ஒரு சோதனை செய்து பாருங்கள். கோப்பை வேறொரு பெயரில் சேமித்து, அந்த நகலில் எல்லா லேயர்களையும் (ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிய பட அடுக்குகளை) ஒன்றாக்கி, முன்பின் ஃபிரேம்களை மங்கலாகக் காட்டும் ஆனியன் ஸ்கின்னை அணைத்துவிட்டு ஓட்டுங்கள். நகல் சீராக ஓடினால், ஒவ்வொரு ஃபிரேமிலும் லேயர்களை ஒன்றின்மேல் ஒன்றாகக் கலக்கும் வேலையே சுமை என்பது தெளிவாகும். 1920×1080 அளவுள்ள ஒரு முழு லேயர், பிக்சலுக்கு 4 பைட் வீதம் ஏறத்தாழ 8.3 மெகாபைட் நினைவகத்தைப் பிடிக்கும். பத்து லேயரும் நூறு ஃபிரேமும் முழுமையாக நிரம்பியிருந்தால், சுருக்கப்படாத நிலையில் அது 8 ஜிகாபைட்டைத் தாண்டிவிடும். 64×64 ஸ்ப்ரைட் ஒன்றுக்கோ வெறும் 16,384 பைட் போதும். ஆகவே சிறிய ஸ்ப்ரைட்டும் தடுமாறுகிறது என்றால் நினைவகத்தைச் சந்தேகிக்க வேண்டியதில்லை.

அப்போது திரையின் புதுப்பிப்பு வேகத்தை, அதாவது திரை வினாடிக்கு எத்தனை முறை படத்தைப் புதுப்பிக்கிறது என்பதைப் பாருங்கள். 60 ஹெர்ட்ஸ் திரையில் வினாடிக்கு 24 ஃபிரேம் ஓடும்போது, ஒரு ஃபிரேம் இரண்டு புதுப்பிப்புக்கும் அடுத்தது மூன்று புதுப்பிப்புக்கும் மாறிமாறி நிற்பதால், பக்கவாட்டில் நகரும் உருவம் நொண்டுவது போலத் தோன்றும். 12, 15, 20, 30 ஆகியவை 60-ஐ மீதியின்றி வகுப்பதால் அவற்றில் இந்த நொண்டல் வராது.

கேள்வி: கேமை இயக்கும் மென்பொருளான கேம் எஞ்சினில் ஸ்ப்ரைட் ஷீட்டை (எல்லா ஃபிரேம்களையும் ஒரே படத்தில் அடுக்கிய கோப்பை) ஏற்றியதும் உருவங்களின் ஓரத்தில் மெல்லிய கோடு தெரிகிறது. சில இடங்களில் அது அடுத்த ஃபிரேமின் நிறமாகவும், சில இடங்களில் கருப்பாகவும் இருக்கிறது.

பதில்: பார்வைக்கு ஒன்றாகத் தெரிந்தாலும் இவை இரண்டு வெவ்வேறு கோளாறுகள். அடுத்த ஃபிரேமின் நிறம் கசிவதற்குக் காரணம், லீனியர் ஃபில்டரிங்கில் எஞ்சின் ஒவ்வொரு புள்ளிக்கும் அக்கம்பக்கத்துப் பிக்சல்களையும் சேர்த்துச் சராசரி எடுப்பதுதான். பிக்சல் ஓவியமாக இருந்தால் ஃபில்டரை நியரஸ்ட் (சராசரி எடுக்காமல் மிக அருகிலுள்ள பிக்சலை மட்டும் எடுப்பது) என்று மாற்றி, உருவத்தை 2, 3 என முழு மடங்குகளில் மட்டும் பெரிதாக்கி, அது நிற்கும் இடத்தையும் முழுப் பிக்சலில் அமையுமாறு வையுங்கள். மென்மையான ஓவியமாக இருந்தால் லீனியரையே வைத்துக்கொண்டு, ஃபிரேம்களுக்கு நடுவே குறைந்தது 2 பிக்சல் இடைவெளி விட்டு ஏற்றுமதி செய்யுங்கள். தரைக்கட்டங்கள் போல விளிம்புவரை நிரம்பிய படங்களுக்கு வெற்று இடைவெளி போதாது. விளிம்புப் பிக்சலையே வெளிப்புறம் நீட்டித் தரும் வசதியையும் சேர்த்துப் பயன்படுத்த வேண்டும்.

கருப்பு விளிம்பு ஆல்ஃபா, அதாவது ஒரு பிக்சல் எவ்வளவு ஒளிபுகாதது என்பதைக் குறிக்கும் மதிப்பு சார்ந்தது. நிறத்தை ஆல்ஃபாவால் முன்கூட்டியே பெருக்கி ஏற்றுமதி செய்த படத்தை, எஞ்சின் பெருக்கப்படாத படம் என்று எண்ணி மீண்டும் ஒருமுறை பெருக்கினால், பாதி ஒளிபுகும் ஓரங்கள் கருத்துவிடும். தவறு எதிர்த்திசையில் நேர்ந்தால் ஓரங்கள் அளவுக்கு மீறி வெளுத்து ஒளிரும். ஏற்றுமதியிலும் எஞ்சினிலும் ஒரே முறையைத் தேர்ந்தெடுத்துவிட்டு, உருவத்தை அடர்பச்சைப் பின்னணியில் வைத்துப் பாருங்கள். வெள்ளையிலும் கருப்பிலும் மறைந்துகொள்ளும் விளிம்புகூட அதில் தெரிந்துவிடும்.

கேள்வி: நின்றுகொண்டு மூச்சுவிடும் பாத்திரம், கேமில் இடவலமாக நடுங்குகிறது. வரையும் மென்பொருளில் ஃபிரேம்களை வரிசையாகக் காட்டும் டைம்லைனில் அப்படி இல்லை.

பதில்: ஏற்றுமதியின்போது வெற்றிடத்தை வெட்டும் வசதி இயங்கியிருக்கும். ஒவ்வொரு ஃபிரேமும் வெவ்வேறு அகலத்தில் வெட்டப்பட்டு, வெட்டிய அளவைக் குறிக்கும் தரவை எஞ்சின் படிக்காமல் ஒவ்வொன்றின் நடுப்புள்ளியையும் ஒரே இடத்தில் நிறுத்துவதால் உருவம் நகர்கிறது. அந்த வசதியை அணைத்துவிட்டு மறுபடியும் ஏற்றுமதி செய்யுங்கள்.

கேள்வி: நேற்றுவரை திறந்த கோப்பு இன்று முழுக் கருப்பாகத் தெரிகிறது. வேலை போய்விட்டதா?

பதில்: பதற்றத்தில் அந்தக் கோப்பின்மீது சேமித்துவிடாதீர்கள், முதலில் ஒரு நகல் எடுத்து வையுங்கள். டைம்லைனிலோ லேயர் பட்டியலிலோ சிறுபடங்கள் சரியாகத் தெரிந்தால், கோப்பு பெரும்பாலும் நலமாக இருக்கிறது, திரையில் தீட்டும் பகுதிதான் பழுதாகியிருக்கிறது என்று கொள்ளலாம். அமைப்புகளில் ஜிபியு முடுக்கத்தை (திரையில் தீட்டும் வேலையை கிராஃபிக்ஸ் சில்லிடம் ஒப்படைக்கும் வசதியை) அணைத்து, மென்பொருளை மூடித் திறந்து பாருங்கள். படம் திரும்ப வந்துவிட்டால் கிராஃபிக்ஸ் டிரைவரைப் புதுப்பியுங்கள். அண்மையில் புதுப்பித்த பிறகுதான் இது தொடங்கியது என்றால், முந்தைய பதிப்புக்கே திரும்பிச் செல்லுங்கள்.