இதயத் தசைத் துணுக்கு எடுக்கும் கருவி: கேள்வி பதில்

பதிலளிப்பவர்: இதய வடிகுழாய்க் கூடத்தில் பணியாற்றி ஓய்வுபெற்ற, மட்டக்களப்பைச் சேர்ந்த தாதி உத்தியோகத்தர்.

கல்முனை வாசகி: இதயத் தசை அழற்சி என்ற சந்தேகத்தில் தம்பிக்குப் பயொப்சி (தசைத் துணுக்கு எடுத்துச் சோதிப்பது) செய்யவேண்டுமென்கிறார்கள். நெஞ்சைத் திறப்பார்களா?

பதில்: இல்லை, தங்கச்சி. பெரும்பாலும் வலப்பக்கக் கழுத்து நாளத்தின் மேல் அந்த இடத்தை மட்டும் விறைக்கச் செய்து, மெல்லிய குழாயுறையொன்றைச் செருகி, அதன் வழியே பயொப்டோம் என்னும் நீண்ட கருவியை எக்ஸ்கதிர்ப் படத்தில் பார்த்தபடி வலது இதயவறைக்குள் செலுத்துவார்கள். அதன் நுனியில் மீன்குஞ்சின் வாய் போல இரு சிறு தாடைகள் உண்டு. வெளியிலுள்ள கைப்பிடியை இயக்க அவை திறந்து மூடும். ஒரு கடியில் வருவது ஓரிரு கன மில்லிமீற்றர் தசை மட்டுமே. 1962இல் ஜப்பானின் சகாகிபாராவும் கொன்னோவும் இந்த வழியைக் காட்டியிருக்காவிட்டால், உங்கள் அச்சம் நியாயமானதாகவே இருந்திருக்கும்.

மருத்துவபீட மாணவர், மட்டக்களப்பு: பிரிசுவரில் (இரு இதயவறைகளையும் பிரிக்கும் சுவரில்) மட்டும் கடிப்பது ஏன்?

பதில்: வலது இதயவறையின் வெளிச்சுவர் மெல்லியது. அது துளைபட்டால் இதய உறைக்குள் குருதி தேங்கி இதயத்தை நெரித்துவிடும், அரிதானாலும் உயிராபத்து. பிரிசுவரோ தடித்தது. தாடை தசையைத் தொட்டதும் ஈசிஜியில் நேரத்துக்கு முந்திய ஓரிரு துடிப்புகள் தோன்றும், அவற்றைக் கவனியுங்கள். இதயத்தில் துடிப்புக்கான மின்தூண்டலைக் கடத்தும் இடக் கற்றையில் தடை ஏற்கெனவே உள்ளவரில் கருவி வலக் கற்றையையும் சீண்டினால் முழுத் தடையே ஏற்படலாம் என்பதால், தற்காலிக இதயமுடுக்கி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கவேண்டும்.

ஆய்வுகூட உதவியாளர், அக்கரைப்பற்று: துணுக்கை எப்படிக் கையாளவேண்டும்?

பதில்: இக்கேள்வியைப் பலர் கேட்பதேயில்லை, எனக்கோ இதுவே முக்கியம். தாடையிலிருந்து துணுக்கை இடுக்கியால் பிடுங்கினால் தசைநார்கள் நசுங்கி, நோயியல் நிபுணர் எதையும் வாசிக்க முடியாமற் போகும். ஊசி நுனியால் மெதுவாக ஏந்தி, உடனே போமலின் என்னும் பதப்படுத்தும் திரவத்தில் இடுங்கள். போமலின் அறை வெப்பநிலையில் இருக்கட்டும். குளிர்ந்திருந்தால் தசை சுருங்கி, நோயல்லாததொன்று நோய்போலத் தெரியும். இலத்திரன் நுணுக்குக்காட்டிக்கான துணுக்கைக் குளூட்டரல்டிகைட்டு என்னும் வேறொரு பதப்படுத்தும் திரவத்தில் தனியே வையுங்கள்.

காத்தான்குடி வாசகர்: அழற்சி இல்லையென முடிவு வந்தால் நிம்மதியடையலாமா?

பதில்: முழுமையாக அல்ல. அழற்சி தசை முழுவதும் பரவாமல் திட்டுத்திட்டாக இருப்பதால், கருவி நல்ல தசையை மட்டுமே கடித்திருக்கக்கூடும். வெவ்வேறு இடங்களிலிருந்து ஐந்து துணுக்குகளேனும் எடுப்பது இதற்காகவே. அறிக்கையுடன் நோயாளியின் மூச்சுத்திணறலையும் எக்கோ எனும் இதய ஒலியலைப் படத்தையும் சேர்த்தே இதயநோய் நிபுணர் முடிவெடுப்பார்.