மார்கழியில் வீடு மாறலாமா, மாடி வீட்டில் கோலம் எங்கே போடுவது?

கோவையிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "டிசம்பர் கடைசியில் அடுக்குமாடிக் குடியிருப்பின் நான்காவது மாடிக்கு வாடகைக்குப் போகிறோம். மார்கழி பீடை மாதம், குடி போகக் கூடாது என்று மாமியார் தயங்குகிறார். எட்டு வயது மகளுக்கோ பாட்டி ஊரில் பார்த்தது போலக் கோலம் போட்டுப் பூசணிப் பூ வைக்க வேண்டும், திருப்பாவை பாட வேண்டும் என்று ஆசை. நாங்கள் இருவரும் வேலைக்குப் போகிறவர்கள். நாலு மணிக்கு எழுந்திருப்பது நடக்காத காரியம். எதைச் செய்யலாம், எதை விடலாம்?"

முதலில் வீட்டு விஷயம். மார்கழி பெரும்பாலும் டிசம்பர் 16 அன்று பிறக்கிறது. அதற்குள் சாவி கைக்கு வருமா என்று வீட்டுக்காரரிடம் கேளுங்கள். வந்துவிட்டால் கார்த்திகையிலேயே ஒரு நல்ல நாள் பார்த்து, புது வீட்டில் விளக்கேற்றிப் பால் காய்ச்சி, அரிசியும் உப்பும் மஞ்சளும் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். சாமான்களை மார்கழியில் ஏற்றிக்கொண்டு போகலாம். பல குடும்பங்கள் வழக்கமாகச் செய்வது இதுதான். உங்கள் மாமியாரும் ஒப்புக்கொள்வார் என்று நினைக்கிறேன். சாவியே டிசம்பர் கடைசியில்தான் கிடைக்கும் என்றால், தை பிறக்கும் வரை இரண்டு வாரம் தள்ளிப் போட முடிகிறதா பாருங்கள். அதற்கும் வழியில்லை என்றால் கலங்காமல் விளக்கேற்றிவிட்டுக் குடி போங்கள். இரண்டு வீட்டு வாடகை கட்டிக் கடன்படச் சொல்லி எந்த சாஸ்திரமும் சொல்லவில்லை.

மார்கழி கெட்ட மாதம் என்பதை நான் ஏற்பதில்லை. மாதங்களில் தான் மார்கழி என்று கீதையில் கண்ணன் சொல்கிறான். நம் ஒரு வருடம் தேவர்களுக்கு ஒரு நாள். தை முதல் ஆனி வரை அவர்களுக்குப் பகல், ஆடி முதல் மார்கழி வரை இரவு. அந்தக் கணக்கில் மார்கழி அவர்களுடைய விடியற்காலை. அதை வழிபாட்டுக்கென்று ஒதுக்கி வைத்ததால்தான் கல்யாணம், கிரகப்பிரவேசம் போன்ற வீட்டு விசேஷங்களுக்கு முகூர்த்தம் வைப்பதில்லை. இதில் வயல்காட்டு நியாயமும் உண்டு. சம்பா நெல் கதிர் முற்றி நிற்கும் நேரம் இது. அறுத்துப் பணம் கைக்கு வருவது தையில். கையில் காசில்லாத மாதத்தில் யார் பந்தல் போடுவார்கள்? சீமந்தம், ஆயுஷ்ய ஹோமம், திதி போல அததற்கென்று காலம் குறிக்கப்பட்டவை மார்கழியிலும் தடையில்லாமல் நடக்கின்றன.

அடுத்து, நாலு மணிக் கவலை. பிரம்ம முகூர்த்தம் என்பது சூரிய உதயத்துக்கு 96 நிமிடம் முன்பு தொடங்கி 48 நிமிடம் முன்பு முடிகிறது. கோவையில் மார்கழி மாதம் சூரியன் உதிப்பது ஏறக்குறைய 6.40 மணிக்கு. அப்படியென்றால் 5.05க்குத் தொடங்கி 5.50 வரை உங்களுக்கு நேரம் இருக்கிறது. 5.15க்கு எழுந்தாலே போதும். பள்ளிக்கூடம் போகிற பிள்ளையை அதற்கு முன் எழுப்பத் தேவையில்லை. இரவு சீக்கிரம் தூங்க வையுங்கள், அது முக்கியம்.

மார்கழி விடியலில் ஓசோன் தரைக்கு இறங்கி வருகிறது, அதைச் சுவாசித்தால் நுரையீரலுக்கு நல்லது என்று வருடா வருடம் வாட்ஸப்பில் ஒரு செய்தி சுற்றும். அது தவறு. நம்மைக் காக்கும் ஓசோன் படலம் இருப்பது தரையிலிருந்து சுமார் 15 முதல் 35 கிலோமீட்டர் உயரத்தில். தரையோரத்தில் உண்டாகும் ஓசோன் நுரையீரலுக்குக் கெடுதல். அது வெயில் ஏறிய பிறகுதான் கூடும். பனிக்காலத்தில் குளிர்ந்த காற்று தரையோடு தங்கிவிடுவதால் நகரங்களில் புகையும் தூசியும் விடியலில் மேலே போகாமல் நிற்கும். மகளுக்கோ மாமியாருக்கோ இழுப்பு இருந்தால் காதையும் மூக்கையும் மூடிக்கொள்ளட்டும், தலைக்கு வெந்நீர் ஊற்றிக்கொள்ளட்டும். விடியலில் எழுவதற்கு அந்த நேரத்து அமைதியே போதுமான காரணம். பொய்யான அறிவியல் அதற்குத் துணை வர வேண்டியதில்லை.

இனி கோலம். பளபளப்பான டைல்ஸ் தரையில் உலர்ந்த மாவு நிற்காது; மின்விசிறிக் காற்றுக்கே பறந்துவிடும். ஈரத்துணியால் துடைத்து, ஈரம் முழுதும் காயும் முன் போடுங்கள். கடையில் விற்கும் கல்மாவு வெள்ளையாகத் தெரியும், ஆனால் டைல்ஸில் வழுக்கும். பொது நடைபாதையில் வயதானவர்கள் நடப்பார்கள் என்பதால் அதைத் தவிர்த்துவிடுங்கள். பச்சரிசியை இரண்டு மணி நேரம் ஊற வைத்து மைய அரைத்து, சிறு துணியை அதில் நனைத்து மோதிர விரல் வழியே வழிய விட்டு இழைக்கோலம் போடலாம். காய்ந்ததும் பளிச்சென்று தெரியும், காலில் ஒட்டாது, வழுக்காது. காவி மட்டும் டைல்ஸ் இடுக்கில் கறையாகத் தங்கிவிடும். செம்மண் பட்டை வேண்டுமென்றால் ஒரு மரப்பலகையில் கோலம் போட்டு வாசலில் வைத்துவிடுங்கள். இரண்டடிக்கு இரண்டடி இருந்தால் தாராளம். மகளுக்கு 5க்கு 5 நேர்ப்புள்ளியில் தொடங்கிக் கொடுங்கள். கை பழகியதும் நடுவில் 5, இருபுறமும் 4, 3 என்று ஊடுபுள்ளி, அதாவது ஒரு வரிசைப் புள்ளிகளின் இடைவெளியில் அடுத்த வரிசைப் புள்ளி வருவது. சிக்குக் கோலம் மாதக் கடைசிக்கு இருக்கட்டும். அவள் போட்ட கோடு கோணலாக இருந்தால் நீங்கள் அழித்துத் திருத்தாதீர்கள்.

பூசணிப் பூவுக்குத் தோட்டம் வைத்திருப்பவர்களிடம் சொல்லி வையுங்கள். காம்பு நீளமாக, அடியில் பிஞ்சு இல்லாமல் இருப்பது ஆண் பூ. அதைப் பறித்தால் காய் குறையாது, மகரந்தத்துக்குக் கொடியில் சிலவற்றை விட்டுவைத்தால் போதும். விடியலில் விரிந்து, வெயில் ஏறியதும் சுருங்கிவிடும் பூ அது. கிடைக்காத நாளில் செம்பருத்தி வையுங்கள். பூவைச் செருகி வைக்கும் சாணப் பிள்ளையாருக்குச் சாணம் கிடைக்காவிட்டால் மஞ்சளிலோ களிமண்ணிலோ பிடிக்கலாம். பூ வைத்த வீட்டில் கல்யாண வயதுப் பெண் இருக்கிறாள் என்று அந்தக் காலத்தில் அடையாளம் கண்டுகொண்டார்கள் என்று சொல்வதுண்டு. எனக்கு அதைவிடப் பிடித்தது நெல்லை, தூத்துக்குடிப் பக்கத்து வழக்கம். அங்கே தினமும் வைத்த பூவையும் சாணத்தையும் சேர்த்து வரட்டியாகத் தட்டிக் காயவைத்து, தையில் சிறுவீட்டுப் பொங்கலிட்டு ஆற்றில் கரைப்பார்கள். முழுக்க முழுக்கச் சிறுமிகளின் விழா.

ஆண்டாளின் திருப்பாவை முப்பது பாசுரம், தினம் ஒன்று. மார்கழிக்கு 29 நாளே வரும் வருடங்களில் கடைசி நாளில் கடைசி இரண்டு பாசுரங்களையும் சேர்த்துப் பாடிவிடுவார்கள். ஜனவரி முதல் வாரத்தில் பூமி சூரியனுக்கு மிக அருகில் இருந்து வேகமாக நகர்வதால்தான் தமிழ் மாதங்களில் மார்கழி எல்லாவற்றிலும் குட்டையானது. அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் முப்பதுக்கும் ராகம் அமைத்திருக்கிறார், முதல் பாசுரம் நாட்டை. ராகம் வராவிட்டால் சும்மா வாசித்தாலும் சரி. ஆறாவதிலிருந்து பதினைந்தாவது வரை தூங்கும் தோழிகளை எழுப்பும் பாட்டுகள். பதினைந்தாவது முழுக்க வெளியே நிற்பவளும் உள்ளே படுத்திருப்பவளும் பேசிக்கொள்வது. நீங்களும் மகளும் ஆளுக்கொரு பக்கம் எடுத்துக்கொண்டு சொல்லிப் பாருங்கள். சைவக் குடும்பம் என்றால் திருவெம்பாவை இருபது நாள், அப்புறம் மாணிக்கவாசகரின் திருப்பள்ளியெழுச்சி பத்து நாள். இந்தப் பாட்டு கடல் கடந்தும் போயிருக்கிறது. தாய்லாந்து அரண்மனைப் பிராமணர்கள் திரியம்பாவாய் என்ற பெயரில் ஒரு சடங்கு நடத்துகிறார்கள். அதையொட்டி நடந்த பாங்காக்கின் பெரிய ஊஞ்சல் விழா 1935இல் நின்றுவிட்டது. கோயிலுக்குள் நடக்கும் சடங்கு தொடர்கிறது.

வேலைக்குப் போகிறவர்கள் எல்லா நாளும் விசேஷம் வைத்துக்கொள்ள முடியாது. இரண்டைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஒன்று மார்கழி 27, கூடாரவல்லி. நெய்யும் பாலும் விலக்கி இருந்த நோன்பு முடிந்து, முழங்கை வழியே நெய் வழிய உண்ணும் நாள். அன்று பாலும் நெய்யும் சேர்த்த சர்க்கரைப் பொங்கலான அக்காரவடிசல். அழகருக்கு நூறு தடா (பெரிய பானை) அக்காரவடிசல் படைப்பதாக ஆண்டாள் வேண்டிக்கொண்டதையும், பின்னாளில் ராமானுஜர் அதை நிறைவேற்றியதையும், ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாள் அவரை "அண்ணா" என்று அழைத்ததாகச் சொல்லும் கதையையும் மகளுக்குச் சொல்லுங்கள். இன்னொன்று திருவாதிரை. விறகு விற்று அடியார்களுக்கு அன்னமிட்டு வந்த சேந்தனார், மழையில் விறகு நனைந்து விற்காத நாளில் களி கிண்டிப் படைத்தார்; மறுநாள் தில்லைக் கருவறையில் களி சிந்திக் கிடந்தது என்பது கதை. ஒரு தம்ளர் பச்சரிசியோடு இரண்டு கரண்டி பாசிப்பருப்பைச் சிவக்க வறுத்து ரவையாக உடைத்து, மூன்று தம்ளர் தண்ணீரில் வேகவிட்டு, ஒன்றரைத் தம்ளர் வெல்லத்தைக் கரைத்து வடிகட்டிச் சேர்த்துக் கிளறுங்கள். நெய், தேங்காய்த் துருவல், ஏலக்காய் கடைசியில். வறுப்பதில் அவசரப்பட்டால் களி குழைந்துவிடும். ஏழுகறிக் கூட்டு முழுதாக முடியாவிட்டால் பூசணி, அவரை, சர்க்கரைவள்ளி இருந்தால் போதும்.

வைகுண்ட ஏகாதசி, திருவாதிரை, அனுமன் ஜயந்தி மூன்றும் திதியையும் நட்சத்திரத்தையும் பொறுத்தவை, தேதி ஆண்டுக்கு ஆண்டு மாறும். புதுப் பஞ்சாங்கம் வாங்கியதும் குறித்துக்கொள்ளுங்கள். மாதக் கடைசி நாள் போகி. வீடு மாறியதில் கழித்துக் கட்டிய துணி நிறைய இருக்கும், நல்லதைக் கொடுத்துவிடுங்கள். குடியிருப்பு வாசலில் பிளாஸ்டிக், டயர் எதையும் எரிக்க விடாதீர்கள், விடியலில் அந்தப் புகை நான்காவது மாடி வரை வந்து நிற்கும்.