ஐந்து வாரமாக எலியைத் தொடாத குட்டிப் பாம்பு

கனடாவின் ஸ்காபரோவிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்:

“என் மகனுக்கு 14 வயது. நவம்பர் தொடக்கத்தில் ஊர்வன கண்காட்சி ஒன்றில் அவனுக்கு ஒரு பால் பைத்தான் (மலைப்பாம்பில் ஒரு சிறிய வகை) குட்டி வாங்கிக் கொடுத்தோம். மூன்று மாதக் குட்டி, 118 கிராம் எடை. உயிருள்ள சுண்டெலிக் குட்டிகளை வாரம் ஒன்றாகத் தின்று வந்தது என்று விற்றவர் சொன்னார். உயிரோடு கொடுக்க எங்களுக்கு மனம் வரவில்லை. உறைய வைத்து விற்கும், மயிர் முளைக்காத எலிக்குஞ்சுகளை வாங்கி வைத்திருக்கிறோம். ஐந்து வாரமாகிவிட்டது, ஒன்றைக்கூடத் தொடவில்லை. இரண்டு நாளைக்கு ஒருமுறை மகன் முயன்று பார்க்கிறான். 40 கேலன் கண்ணாடித் தொட்டி, ஒளிந்துகொள்ள ஒரு மரப்பட்டை, அடியில் ஹீட் மேட். கண்ணாடியில் ஒட்டிய தெர்மாமீட்டர் 27 டிகிரி காட்டுகிறது. தினமும் மாலையில் கையில் எடுத்துப் பழக்குகிறான். இப்போது எடை 111 கிராம். அம்மம்மா ஒரு கிண்ணத்தில் பால் வைத்துப் பார்க்கச் சொல்கிறார். பாம்பு செத்துவிடுமோ என்று மகன் இரவில் தூங்குவதில்லை. என்ன செய்யலாம்?”

முதலில் மகனைத் தூங்கச் சொல்லுங்கள். ஐந்து வாரத்தில் ஏழு கிராம் என்பது ஆறு சதவீதம். அதிலும் ஒரு பங்கு, வயிற்றில் முன்பே இருந்தது மலமாகவும், சுண்ணாம்புக் கட்டிபோல வரும் யூரேட் என்ற சிறுநீர்க் கழிவாகவும் வெளியே போன கணக்கு. வளர்ந்த பால் பைத்தான் மாதக்கணக்கில் சாப்பிடாமல் கிடந்துவிட்டு ஒன்றுமே நடக்காததுபோல எழுந்து வரும். குட்டிக்கு அவ்வளவு கையிருப்பு கிடையாது. ‘பசித்தால் தானாகத் தின்னும்’ என்று விட்டுவிடவும் முடியாது. ஆனால் இன்றைக்கு இது அவசர நிலை இல்லை. 106 கிராமில் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். வாங்கிய எடையில் பத்து சதவீதம் குறைந்தால் அந்த இடம் வரும். அதைத் தொட்டால் ஊர்வனவற்றைப் பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் போக வேண்டும். அதுவரைக்கும் வாரம் ஒரே ஒருமுறை, ஒரே கிழமையில், பிளாஸ்டிக் டப்பாவில் விட்டு டிஜிட்டல் தராசில் நிறுத்து எழுதி வையுங்கள்.

அடுத்தது அம்மம்மாவின் பால். இந்தப் பாம்பின் பெயரே தமிழில் வம்பு. இங்கே ‘பால்’ என்பது பந்துக்கான ஆங்கிலச் சொல். பயந்தால் தலையை நடுவில் வைத்துப் பந்துபோல் சுருண்டுகொள்வதால் வந்த பெயர். மாட்டுப் பாலுக்கும் இதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. பாலைச் செரிக்கும் வயிறு பாம்புக்குக் கிடையாது. பாம்பாட்டியின் பாம்பு பால் குடிப்பது, நாள்கணக்கில் தண்ணீர் காட்டாமல் வைத்திருப்பதால்தான். தாகத்துக்கு அது எதையும் குடிக்கும். முட்டையும் வேண்டாம். கிண்ணத்தில் சுத்தமான தண்ணீர் எப்போதும் இருந்தால் போதும்.

சரி, ஏன் சாப்பிடவில்லை? உங்கள் கடிதத்தை இரண்டாம் முறை படித்தபோது ஐந்து காரணங்கள் எண்ணினேன். ஒன்றுகூடப் பாம்பினுடைய குற்றம் இல்லை.

இதன் சொந்த ஊர் மேற்கு, மத்திய ஆப்பிரிக்கா. கானா, டோகோ, பெனின் பக்கத்துப் புல்வெளிகளில் எலி வளையிலோ கரையான் புற்றிலோ பகல் முழுக்க முடங்கிக் கிடக்கும். முதுகிலும் விலாவிலும் மண் உரசிக்கொண்டிருந்தால்தான் அதற்கு நிம்மதி. அப்படிப்பட்ட ஒரு குட்டியை நாலு பக்கமும் கண்ணாடி போட்ட பெரிய தொட்டியில், இரண்டு பக்கமும் திறந்த ஒரு மரப்பட்டையோடு விட்டிருக்கிறீர்கள். கழுகு எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டிருக்கும் உயிருக்குச் சாப்பாட்டில் நாட்டம் இருக்காது. தொட்டியை மாற்றத் தேவையில்லை. மூன்று பக்கக் கண்ணாடியில் வெளிப்புறமாகக் கறுப்பு அட்டை ஒட்டுங்கள். உள்ளே பிளாஸ்டிக் செடி, காகிதச் சுருள், அட்டைக் குழாய் என்று தரை தெரியாத அளவுக்கு நிரப்புங்கள். ஒரே மாதிரியான இரண்டு ஒளிவிடங்கள் வேண்டும், சூடான பக்கம் ஒன்று, குளிர்ந்த பக்கம் ஒன்று. சிறிய பிளாஸ்டிக் கிண்ணத்தைக் கவிழ்த்து ஒரு வாசல் வெட்டினால் போதும், வெட்டிய ஓரத்தை மழுங்கத் தேய்த்துவிடுங்கள். பாம்பு உள்ளே சுருண்டால் அதன் முதுகு கூரையில் இடிக்க வேண்டும். நமக்கு ‘ஐயோ, இடமே இல்லையே’ என்று தோன்றுகிற அளவுதான் அதற்குச் சரியான அளவு.

சூடுதான் எனக்கு அதிகச் சந்தேகம். கண்ணாடியில் ஒட்டும் தெர்மாமீட்டர் கண்ணாடியின் சூட்டைச் சொல்லும். பாம்பு கிடக்கிற இடத்தின் சூட்டைச் சொல்லாது. டிசம்பரில் கேஸ் பில்லுக்குப் பயந்து இரவில் வீட்டை 18, 19 டிகிரிக்கு இறக்குகிற வழக்கம் உங்கள் வீட்டிலும் இருக்கும். அடியில் இருக்கும் மேட் தரையைத்தான் சுட வைக்கும், காற்றை அல்ல. மேலே இரண்டு அங்குலத்துக்கு மரத்தூள் இருந்தால் தரைச் சூடும் மேலே வராது. பாம்புக்குத் தன் உடம்பில் சொந்தச் சூடு இல்லை. வெளிச்சூடு இருந்தால்தான் செரிமானம் நடக்கும். குளிரில் விழுங்கிய எலி வயிற்றில் அழுகி, வெளியே கக்க வேண்டிவரும். ஆகவே குளிரில் சாப்பிட மறுக்கும் பாம்பு பிடிவாதம் பிடிக்கவில்லை, புத்திசாலித்தனமாக நடந்துகொள்கிறது. முனையில் உணரி உள்ள டிஜிட்டல் தெர்மாமீட்டர் இரண்டு வாங்கி, இரண்டு ஒளிவிடங்களுக்குள்ளும் வையுங்கள். சூடான பக்கம் 31 முதல் 33 டிகிரி, குளிர்ந்த பக்கம் 25 முதல் 27, இரவில் எங்கேயும் 24-க்குக் கீழே போகக் கூடாது. மேட் மட்டும் போதாவிட்டால் மேலே வெளிச்சம் வராத செராமிக் ஹீட்டர் ஒன்று. எதைப் போட்டாலும், சூடு எல்லை மீறாமல் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் இல்லாமல் போடாதீர்கள். தெர்மோஸ்டாட் இல்லாத மேட்டில் வயிறு வெந்துபோன பாம்புகளைப் பார்த்திருக்கிறேன். சுட்டாலும் நகராமல் அங்கேயே கிடக்கும், அதுதான் கொடுமை.

ஹீட்டர் ஓடுகிற கனடா வீட்டில் உதடு வெடிப்பது உங்களுக்குத் தெரியும். அதே வறண்ட காற்றில்தான் பாம்பும் இருக்கிறது. அதற்கு 60 சதவீதத்துக்குக் குறையாத ஈரப்பதம் வேண்டும். வலை மூடியில் முக்கால் பங்கை மூடுங்கள் (ஹீட்டர் பக்கத்தை விட்டுவிட்டு). தேங்காய் நார்த்தூளைத் தரையில் போட்டு அடிப்பகுதியை ஈரமாக வையுங்கள். ஈரப்பதமானி ஒன்றும் உள்ளே இருக்கட்டும்.

அப்புறம், தினமும் கையில் எடுப்பது. மகனுக்கு இது வருத்தமாக இருக்கும், ஆனால் நேராகவே சொல்கிறேன்: நாய்க்குட்டியைப் பழக்குவதுபோல் பாம்பைப் பழக்க முடியாது. அதன் கணக்கில் ஒவ்வொரு மாலையும் ஏதோ ஒரு பெரிய மிருகம் வளைக்குள் கைவிட்டுத் தூக்குகிறது. நான் முதன்முதலாக வளர்த்த பால் பைத்தான் ஏழு வாரம் சாப்பிடவில்லை. நானும் தினம் தூக்கிப் பார்த்து, தினம் எலியை மூக்குக்கு நேரே ஆட்டி, ஒளிவிடத்தைத் தூக்கித் தூக்கி ‘உயிரோடு இருக்கிறதா’ என்று எட்டிப் பார்த்தேன். வேலையாகப் பத்து நாள் ஊருக்குப் போனேன். வீட்டில் இருந்தவர்கள் தண்ணீர் மட்டும் மாற்றினார்கள். திரும்பி வந்த அன்று இரவே எலியைப் பிடித்துக்கொண்டது. மருந்து எதுவும் இல்லை, நான் இல்லாததுதான் மருந்து.

ஆகையால் இப்படிச் செய்யுங்கள். இந்த வார இறுதியில் தொட்டியைச் சரி செய்து, சூடு நிலையாக நிற்கிறதா என்று இரண்டு நாள் பாருங்கள். அதன்பின் முழுசாக ஏழு நாள் தொடுவது கிடையாது, எலி காட்டுவதும் கிடையாது. தண்ணீர் மாற்றுவது, கழிவு எடுப்பது, அந்த ஒரு எடை, அவ்வளவுதான். கிறிஸ்துமஸுக்கு வருகிற மச்சான்மாருக்கும் பாம்பைக் காட்ட வேண்டாம். இதற்கிடையில் கண் நீலம் பூத்து, தோல் மங்கினால் சட்டை உரிக்கப்போகிறது என்று அர்த்தம். உரித்து முடியும்வரை உணவு முயற்சியைத் தள்ளிப்போடுங்கள்.

எட்டாம் நாள் கொடுக்க வேண்டியது என்ன? நீங்கள் வாங்கி வைத்திருக்கும் எலிக்குஞ்சு அல்ல. உங்கள் குட்டி சுண்டெலியைத்தான் உணவு என்று அறிந்திருக்கிறது. மயிர் முளைக்காத எலிக்குஞ்சு அதற்கு வேறு வாசனை, வேறு உருவம். சோறு மட்டுமே தின்று வளர்ந்த குழந்தை முன்னால் வேறு ஏதோ வைத்த மாதிரி. அளவும் போதாது. 111 கிராம் பாம்புக்கு அதன் எடையில் பத்து முதல் பதினைந்து சதவீதம் என்றால் 11 முதல் 17 கிராம். மயிர் முளைத்துக் கண் திறந்த சுண்டெலிக் குட்டியை ‘ஹாப்பர்’ என்று உறைய வைத்து விற்பார்கள்; அதில் பெரியதாகப் பார்த்து வாங்குங்கள். பாம்பின் உடம்பு அதிகம் பருத்த இடம் எவ்வளவோ, எலி அவ்வளவு பருமன் இருக்கலாம்.

உருக்குவதில்தான் பெரும்பாலோர் கோட்டை விடுகிறார்கள். பால் பைத்தானின் மேலுதட்டு ஓரத்தில் வரிசையாகச் சிறு குழிகள் தெரியும். அவை சூட்டை உணரும் குழிகள். இருட்டில் எலியின் உடல் சூட்டை வைத்துத்தான் அது குறி பார்க்கும். அறைச் சூட்டில் இருக்கும் செத்த எலி அதன் குழிகளுக்கு ஒரு கல். முந்தின இரவே ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்து உருகவிடுங்கள். மறுநாள் மாலை ஜிப் பையில் போட்டு வெந்நீரில் வையுங்கள். நடுவயிறுவரை குளிர் விட்டதும், கடைசியாகத் தலைப் பக்கத்தை மட்டும் அரை நிமிடம் இன்னும் சூடான நீரில் காட்டி, நன்றாகத் துடைத்து எடுங்கள். தலை 38 முதல் 40 டிகிரி இருந்தால் போதும். மைக்ரோவேவ் வேண்டவே வேண்டாம். பாதி வெந்து வயிறு வெடிக்கும், அதைத் துடைக்கிற வேலையும் உங்களுக்குத்தான் வரும்.

அறை விளக்கை அணைத்து ஒரு மணி நேரம் கழித்து, நீண்ட இடுக்கியால் எலியின் இடுப்பைப் பிடித்து, ஒளிவிடத்து வாசலைத் தாண்டி எலி நடந்து போவதுபோல் மெல்ல நகர்த்துங்கள். முகத்தில் இடிக்காதீர்கள். காட்டில் எந்த எலியும் பாம்பின் மூக்கைத் தேடி வந்து முட்டாது; முட்டினால் பாம்பு பயந்து பந்தாகிவிடும். நாக்கை வேகமாக நீட்டி, கழுத்தை ‘எஸ்’ போல் வளைத்தால் அசையாமல் காத்திருங்கள். ஐந்து நிமிடத்தில் பிடிக்காவிட்டால் எலியை வாசலிலேயே வைத்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு போய்விடுங்கள். வெட்கப்படுகிற குட்டிகள் பல இப்படித்தான் விடியற்காலையில் விழுங்கியிருக்கும். காலையில் அப்படியே கிடந்தால் குப்பையில் போடுங்கள், மறுபடி உறைய வைக்காதீர்கள். அடுத்த முயற்சி ஆறேழு நாள் கழித்துத்தான். இரண்டு நாளைக்கு ஒருமுறை காட்டினால் எலி என்றாலே தொந்தரவு என்று அது கற்றுக்கொள்ளும்.

இரண்டாம் முறையும் மறுத்தால் வாசனை மாற்றலாம். சுண்டெலி விற்கிற கடையில் கூண்டுக்குள் கிடந்த மரத்தூளில் ஒரு கைப்பிடி கேட்டு வாங்கி, உருக்கிய எலியை அதில் புரட்டுங்கள். ஜெர்பில் என்ற பாலைவன எலியின் கூண்டுத் தூள் கிடைத்தால் இன்னும் நல்லது. கோழிக்குஞ்சின் இறகில் தேய்ப்பதும் பலிப்பதுண்டு. காட்டில் சிறிய பால் பைத்தான்கள், முக்கியமாக ஆண்கள், மரமேறிப் பறவைக்குஞ்சுகளை நிறையத் தின்னும். அதனால் இதில் வியப்பில்லை. எலியின் நெற்றியில் ஒரு சிறு கீறல் போடுவது பார்க்க நன்றாயிருக்காது, ஆனால் அந்த வாசனை பல பாம்புகளை அசைத்துவிடும்.

அதற்கும் மசியாவிட்டால், உயிருள்ளதை ஒரே ஒருமுறை கொடுப்பதை நான் தப்பு என்று சொல்லமாட்டேன். இதுவரை உயிருள்ளதையே தின்ற குட்டி அது. கண் திறக்காத சுண்டெலிக் குட்டியாக இருக்கட்டும், அது பாம்பைக் கடிக்காது. பல் முளைத்த எலியைப் பாம்போடு விட்டுவிட்டு ஒரு நிமிடம்கூட அப்பால் போகாதீர்கள். பசித்த எலி பாம்பின் முதுகைக் கடித்துக் குதறிவிடும். உங்களுக்கு மனம் வராவிட்டால் இந்தப் படியைத் தாண்டி நேரே மருத்துவரிடம் போகலாம். அதிலும் தவறில்லை.

வாயைத் திறந்து திணிக்கும் வீடியோக்களை மகன் பார்த்திருப்பான். அதை வீட்டில் செய்யக் கூடாது. வாய் கிழியும், பல் உடையும், உணவு மூச்சுக்குழாய்க்குள் போகும், விழுங்கினாலும் பயத்தில் கக்கிவிடும். தேவைப்பட்டால் மருத்துவர் செய்வார்.

எடை 106-ஐத் தொடாமலே மருத்துவரிடம் ஓட வேண்டிய அறிகுறிகளும் உண்டு: மூச்சில் விசில் சத்தம், வாயைத் திறந்து மூச்சு விடுதல், வாயோரம் நுரை, ஈறில் சிவப்பு அல்லது மஞ்சள் கட்டி, தலையைத் தூக்கி வானத்தைப் பார்த்தபடி தள்ளாடுதல், தண்ணீர்க் கிண்ணத்தில் மிளகுத்தூள்போல் மிதக்கும் உண்ணிகள். போகும்போது கழிவு கிடைத்தால் அதையும் ஒரு டப்பாவில் எடுத்துப் போங்கள், ஒட்டுண்ணி இருக்கிறதா என்று பார்ப்பார்கள். இந்தக் குளிரில் பாம்பைத் துணிப்பைக்குள் விட்டு, பையைத் தெர்மோகோல் பெட்டியில் வைத்துக்கொண்டு போங்கள்.

சாப்பிட்டுவிட்டால் கொண்டாட்டம் வேண்டாம். இரண்டு நாள் அந்தப் பக்கமே போகாதீர்கள். ஏழு நாள் கழித்து அதே அளவு, அதே சுண்டெலி. தொடர்ந்து மூன்று தடவை சாப்பிட்ட பிறகு மகன் கையில் எடுக்கலாம், வாரத்தில் இரண்டு நாள், பத்துப் பத்து நிமிடம். பெரிய எலிக்கு மாறுவதெல்லாம் அதற்கு அப்புறம்.

அம்மம்மா கோபிப்பதற்கு நியாயமான காரணம் ஒன்று உண்டு, அது ஃப்ரீசர். எலிகளை மூடியிறுகும் தனி டப்பாவில் வையுங்கள். உருக்கும் கிண்ணமும் எடைத் தராசும் சமையலறைக்குத் திரும்பி வரக் கூடாது. எலியிலும் பாம்பிலும் சால்மோனெல்லா கிருமி இருக்கலாம், தொட்டபின் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். வீட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் இருந்தால் பாம்பைத் தொடவே விடாதீர்கள்.

இதைத் தமிழ்நாட்டில் படிப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. தோட்டத்தில் கிடைத்த சாரையையோ தண்ணீர்ப்பாம்பையோ பிடித்து வைத்து இப்படி ஊட்டிப் பார்க்காதீர்கள். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். வனத்துறைக்குச் சொன்னால் எடுத்துப்போய் விடுவார்கள்.

ஸ்காபரோ அம்மாவுக்கு: ஜனவரி நடுவில் நாலு வார எடையையும், இரண்டு ஒளிவிடத்துச் சூட்டையும் எழுதி அனுப்பச் சொல்லுங்கள் மகனை. குட்டி சாப்பிட்டிருந்தாலும் அனுப்பட்டும்.