மாடிக்கட்டை உளுத்துப் போனால்: கேள்வி பதில்

தேக்குக் கட்டைகளை வரிசையாகப் பரப்பி, அதன் மேல் சின்னச் செங்கற்களைச் சுண்ணாம்புக் கலவையில் குத்துக்கல்லாகச் சாய்வாட்டில் அடுக்கிப் போட்ட மாடிதான் மெட்ராஸ் டெரஸ். அதில் கட்டை கெட்டுப்போனால் என்ன செய்வது என்று வந்த கேள்விகளுக்கான பதில்கள் இவை.

மயிலாப்பூரிலிருந்து ஒருவர்: தாத்தா கட்டிய வீடு. கூடத்தில் சுவரோரமாக மரத்தூள் கொட்டுகிறது, போன வாரம் ஒரு செங்கல்லும் விழுந்தது. மொத்தத்தையும் இடித்துவிட்டுக் கான்கிரீட் போடச் சொல்கிறார் மேஸ்திரி. வேறு வழி உண்டா?

உண்டு. ஆனால் இன்றைக்கே அந்தக் கட்டைக்குக் கீழே முட்டுக் கொடுங்கள், அந்தப் பக்கம் யாரும் படுக்க வேண்டாம். அப்புறம் ஒரு ஏணி போட்டு ஏறி, ஸ்க்ரூ டிரைவரால் ஒவ்வொரு கட்டையையும் சுவரை ஒட்டிய இடத்தில் குத்திப் பாருங்கள். நல்ல தேக்கு முனையை உள்ளே விடாது. உளுத்த மரம் ரொட்டி மாதிரி இடம் கொடுக்கும். பெரும்பாலும் கட்டையின் நடுப்பகுதி நன்றாகவே இருக்கும். சுவருக்குள் நுழையும் முனைதான் முதலில் போகும், ஏனென்றால் ஈரம் அங்கேதான் தங்குகிறது. இரண்டு மூன்று கட்டைகளுக்காக ஒரு நல்ல தளத்தை இடிப்பதை என்னால் ஏற்க முடியாது.

அவரே மீண்டும்: சரி, கட்டையை எப்படி மாற்றுவது? மேலே இருக்கும் செங்கல் சரிந்துவிடாதா?

சுண்ணாம்பு இறுகிய தளம் ஒன்றோடொன்று பிடித்துக்கொண்டு நிற்கும். அதனால்தான் ஒரு நேரத்தில் ஒரு கட்டையை மட்டும் எடுக்க முடிகிறது. ஒரே நாளில் இரண்டைக் கழற்றுகிறேன் என்று யார் சொன்னாலும் விடாதீர்கள்.

எடுக்கும் கட்டைக்கு இரண்டு பக்கமும் நீளப் பலகை வைத்து, அதன் கீழ் இரும்பு ஜாக்கி நிறுத்துங்கள். ஜாக்கியைத் தளத்தைத் தொடும் அளவுக்குத்தான் முறுக்க வேண்டும். தூக்கப் பார்த்தால் சுண்ணாம்பு விரிசல் விடும். ஜாக்கி நிற்கும் தரையிலும் பலகை போடுங்கள். பழைய கட்டையை நடுவில் அறுத்து இரண்டு துண்டாக இறக்கலாம். புதியதை நுழைக்க ஒரு பக்கச் சுவர்க்குழியைக் கொஞ்சம் ஆழமாக்கி, முதலில் அந்தப் பக்கம் உள்ளே தள்ளி, பிறகு எதிர்ப்பக்கம் இழுத்து உட்கார வைக்க வேண்டும். இரு முனையும் குறைந்தது 4 அங்குலம் சுவரில் அமரட்டும், அடியில் ஒரு தட்டைக் கருங்கல் இருக்கட்டும். முனையைச் சுற்றிக் கால் அங்குலம் காற்றுக்கு விடுங்கள். கலவையைத் திணித்து அடைத்தால் மரம் மூச்சுவிட முடியாமல் மறுபடி உளுக்கும். கட்டைக்கும் செங்கல்லுக்கும் நடுவே சந்து இருந்தால் தேக்கு ஆப்பு அடித்துச் சுண்ணாம்பு பூசுங்கள்.

தாங்கும் பெரிய உத்திரமே கெட்டிருந்தால், இதையெல்லாம் தொடாமல் கட்டடப் பொறியாளரைக் கூப்பிடுங்கள்.

காரைக்குடி: தேக்குக்குப் பதில் இரும்பு போடலாமா?

போடலாம், பலரும் போடுகிறார்கள். துருவைச் சுரண்டி, துருப் பிடிக்காமல் காக்கும் ரெட் ஆக்சைடு பெயின்ட் அடித்தபின் ஏற்றுங்கள், சுவருக்குள் போகும் முனைக்கு இரண்டு கோட். ஆனால் உங்கள் ஊரிலேயே இடித்த வீட்டுத் தேக்கு விற்கும்போது நான் அதைத்தான் வாங்குவேன். ஆணியை எல்லாம் பிடுங்கி, பூச்சி அரிக்காமல் இருக்க போரிக் கரைசல் தடவிக் காயவிட்டுப் பயன்படுத்துங்கள்.

தஞ்சாவூர்: எங்கள் மச்சு பலகைத் தளம். நடந்தால் கிரீச்சிடுகிறது, அதிர்கிறது. கட்டைகளுக்கு இடையே இருந்த குறுக்குத் துண்டுகள் பாதி ஆடுகின்றன, பாதியைக் காணோம்.

அந்தத் துண்டுகள்தான் கட்டை முறுக்காமல் பிடிப்பவை. ஒரு கட்டை மேல் விழும் பாரத்தைப் பக்கத்துக் கட்டைக்கும் கொஞ்சம் பகிர்பவையும் அவைதான். மரம் காய்ந்து சுருங்க, ஆணி தளர்ந்திருக்கும். ஒரே அளவில் மொத்தமாக அறுத்து வராதீர்கள், பழைய வீட்டில் இரண்டு இடைவெளி ஒன்றாக இருக்காது. ஒவ்வொரு சந்தையும் அளந்து, இறுக்கமாக உட்காரும்படி அறுங்கள். வரிசையை ஒரே கோட்டில் வைக்காமல் ஒன்றுவிட்டு ஒன்று தள்ளி வைத்தால் இரு முனையிலும் நேராகத் திருகாணி போட வசதி. தேக்கில் முன்னமே துளை போடாவிட்டால் பிளக்கும். இது அதிர்வுக்கு மருந்து. தளம் நடுவில் தொய்ந்திருந்தால் துண்டு உதவாது, கட்டையையே பார்க்க வேண்டும்.

திருவல்லிக்கேணி: மாடியில் ஒழுகுகிறது. மேலே இரண்டு அங்குலம் சிமென்ட் போட்டால் நின்றுவிடுமா?

வேண்டாம். சிமென்ட் விரிசல் விட்டதும் அதன் வழியே இறங்கும் ஈரம் வெளியே வர வழியில்லாமல் சுண்ணாம்பிலேயே தங்கி, நேரே கட்டை முனைக்குப் போகும். பாரமும் கூடும். கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலை, மழைநீர்க் குழாய் வாய், மாடியின் மேல் பதித்த தட்டையான ஓடுகளின் இடுக்கு ஆகியவற்றைத்தான் முதலில் சரிசெய்யுங்கள். அங்கே அரசங்கன்று முளைத்திருந்தால் வேரோடு எடுங்கள். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் கிடைத்தால், சுண்ணாம்பில் கலந்த செங்கல் ஜல்லியைக் கடுக்காய், வெல்லத் தண்ணீர் தெளித்து மரக்கட்டையால் அடித்து இறுக்கும் பழைய முறையிலேயே மேல்தளத்தைப் போடச் சொல்லுங்கள். ஒழுகல் நிற்காமல் கட்டையை மட்டும் மாற்றினால், புதுக்கட்டையும் அதே வழியில் போகும்.

மதுரை: மாடியில் 1,000 லிட்டர் தொட்டி வைக்கலாமா?

நிரம்பினால் தண்ணீர் மட்டுமே ஒரு டன். தளத்தின் நடுவில் கூடவே கூடாது. இரண்டு சுவர்கள் மேல் இரும்புச் சட்டம் பாலம் போட்டு, பாரம் சுவருக்குப் போகும்படி வையுங்கள். அந்தச் சுவரில் விரிசல் இருந்தால் அதுவும் வேண்டாம், தரையில் தொட்டி கட்டிக்கொள்ளுங்கள்.