பையனுக்கு ஹெட்டிங் மட்டும் வேண்டாம்

சகோதரி, மஞ்சக்குப்பம் மைதானத்தில் 9 வயது மகனைத் தினமும் வரிசையில் நிறுத்தி ஹெட்டிங், அதாவது பந்தைத் தலையால் முட்டுவது, பழக்குகிறார்கள், வீட்டுக்கு வந்தால் தலைவலி என்கிறான், ஃபுட்பாலையே நிறுத்திவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். ஆட்டத்தை விடவேண்டாம், ஹெட்டிங்கை விட்டால் போதும். ஆனால் தலைவலியை முதலில் டாக்டரிடம் காட்டுங்கள். அவர் சரி என்னும்வரை மைதானத்துக்கு அனுப்பாதீர்கள்.

கோச்சிடம் தயங்காமல் பேசுங்கள். அமெரிக்காவில் 10 வயது வரை ஹெட்டிங் கூடாது என்று 2015-லேயே முடிவெடுத்தார்கள். இங்கிலாந்தில் 2020 முதல் தொடக்கப்பள்ளி வயதுப் பிள்ளைகளுக்குப் பயிற்சியில் அது கிடையாது. ஸ்காட்லாந்தின் முன்னாள் தொழில்முறை வீரர்கள் மூளை நலிவு நோய்களால் இறக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட மூன்றரை மடங்கு என்று கிளாஸ்கோ பல்கலைக்கழக ஆய்வு 2019-ல் சொன்னது. அவர்கள் காலமெல்லாம் ஆடியவர்கள், உண்மைதான். அதற்காகக் கழுத்து இன்னும் உரம் பெறாத பிள்ளைக்குத் தினமும் அந்த அடி எதற்கு?

அப்புறம், பந்தையும் பாருங்கள். இந்த வயதுக்கு 4-ஆம் எண் பந்துதான். பெரியவர்களின் 5-ஆம் எண் பந்து 410 முதல் 450 கிராம் இருக்கும். அதைக் கல் மாதிரி காற்றடித்துச் சின்னப் பிள்ளைகளிடம் கொடுத்துவிடுகிறார்கள். ஹெட்டிங் பழக்கும் நேரத்தில் பாஸிங்கும், பந்தை நெஞ்சில் வாங்கிக் காலில் இறக்குவதும் சொல்லிக்கொடுக்கச் சொல்லுங்கள்.