பாராட்டு வருகிறது, ஆர்டர் வரவில்லை

கேள்வி: வீட்டிலிருந்தபடியே குழந்தைகளின் உடைகளைத் தைத்துக் கொடுக்கிறேன், பழைய உடைகளைச் சரிசெய்தும் தருகிறேன். தொடங்கிய புதிதில் உறவினர்களும் அக்கம்பக்கத்தினரும் நிறையக் கொடுத்தார்கள். இப்போது வேலை குறைந்துவிட்டது. வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலும் இன்ஸ்டாகிராமிலும் படம் போட்டால் எல்லோரும் பாராட்டுகிறார்களே தவிர, யாரும் ஆர்டர் தருவதில்லை. பணம் கட்டி விளம்பரம் செய்யலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். விளம்பரம் உங்கள் பெயரைப் புதியவர்களிடம் கொண்டுபோய்ச் சேர்க்கும். ஆனால், அவர்கள் உங்களை எதற்காகத் தேடி வர வேண்டும் என்பதை நீங்கள்தான் முதலில் முடிவு செய்ய வேண்டும். படத்தைப் பாராட்டுபவர்களில் பெரும்பாலோருக்கு அன்றைக்குத் தைக்கக் கொடுக்க எதுவும் இருக்காது. தேவை வரும் நாளில் உங்கள் பெயர் அவர்கள் நினைவுக்கு வர வேண்டுமானால், ‘எல்லாவகை உடைகளும் தைத்துத் தரப்படும்’ என்ற பொதுவான அறிவிப்பு போதாது. ‘குட்டையாகிப்போன குழந்தை உடைகளை நீளம் கூட்டித் தருகிறேன்’ என்று ஒரு வேலையைக் குறிப்பிட்டுச் சொன்னால், அதைப் படிக்கும் தாய்க்கு உடனே அலமாரியில் கிடக்கும் ஏதாவதொரு உடை ஞாபகத்துக்கு வரும். மற்ற வேலைகளை விட்டுவிட வேண்டியதில்லை. உங்களைப் பற்றிப் பிறர் பேச்சில் எடுத்துச் சொல்ல அந்த ஒரு வேலை இருந்தால் போதும்.

அடுத்து, ஏற்கெனவே வந்தவர்களிடம் திரும்பப் போங்கள். குழந்தைகள் வளர்கிறார்கள் என்பது உங்கள் தொழிலுக்கு வாய்த்த பெரிய வசதி. அளவு நோட்டுப் புத்தகத்தில் தேதியும் எழுதியிருந்தால், யாருக்கு எப்போது உடை சிறிதாகியிருக்கும் என்பதை நீங்களே ஓரளவு கணித்துவிடலாம். ‘சென்ற முறை தைத்த நீலக் கவுனின் அடிமடிப்பில் துணி விட்டுத்தான் தைத்திருக்கிறேன், குட்டையாகியிருந்தால் கொடுத்தனுப்புங்கள், இறக்கித் தருகிறேன்’ என்று அவருக்கு மட்டும் ஒரு செய்தி அனுப்பிப் பாருங்கள். எல்லோருக்கும் ஒரே மாதிரி அனுப்பும் வணக்கச் செய்திகளைவிட இதற்குப் பதில் வர வாய்ப்பு அதிகம். தவிரவும், வாட்ஸ்அப்பில் ஒரே செய்தியைப் பலருக்கும் தனித்தனியாக அனுப்ப உதவும் ஒரு பிராட்காஸ்ட் பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம் என்றாலும், உங்கள் எண்ணைத் தங்கள் கைபேசியில் பதிந்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே அந்தச் செய்தி போய்ச் சேரும். ஆகவே, உடையைக் கொடுக்கும்போதே எண்ணைப் பதிந்துகொள்ளச் சொல்லிவிடுங்கள்.

படங்களிலும் சிறிய மாற்றம் தேவை. முடித்த உடையை மட்டும் காட்டாமல், சரிசெய்வதற்கு முன்பும் பின்பும் இருந்த நிலையையும், உடையின் உட்பக்கத் தையலையும் காட்டுங்கள். தையல் தெரிந்தவர்கள் உட்பக்கத்தைப் பார்த்துத்தான் வேலையை எடைபோடுவார்கள். (குழந்தை அணிந்திருக்கும் படமானால் பெற்றோரின் அனுமதி இல்லாமல் போடவே கூடாது.)

வாடிக்கையாளர்களை நேரில் சந்தித்து வேலை செய்பவர் என்பதால், கூகுளில் இலவசமாகத் தொழில் பக்கம் ஒன்றைத் தொடங்கவும் உங்களால் முடியும். வீட்டு முகவரியை மறைத்துவிட்டு, எந்தெந்தப் பகுதிகளுக்கு வேலை செய்கிறீர்கள் என்று மட்டும் குறிப்பிடும் வசதி அதில் இருக்கிறது. திருப்தியடைந்தவர்களிடம் அங்கே கருத்து எழுதச் சொல்லிக் கேளுங்கள்; அதற்காகத் தள்ளுபடி தருவதாகச் சொல்லாதீர்கள், கூகுளின் விதிகள் அதை அனுமதிப்பதில்லை.

புதிதாக வரும் ஒவ்வொருவரிடமும் ‘யார் சொல்லி வந்தீர்கள்?’ என்று கேட்டு, அளவுக்குப் பக்கத்திலேயே எழுதி வையுங்கள். சில மாதங்களில் ஒன்றிரண்டு பெயர்கள் திரும்பத் திரும்ப வருவதைப் பார்ப்பீர்கள். அந்த ஒன்றிரண்டு பேருக்குச் செய்யும் வேலையில் ஒருநாளும் தாமதம் ஏற்பட விடாதீர்கள். இவ்வளவும் செய்த பிறகும் கையில் நேரம் மிஞ்சினால், அப்போது உங்கள் பகுதியை மட்டும் தேர்ந்தெடுத்து, அந்த ஒரே வேலையைக் குறிப்பிட்டு, நட்டமானாலும் தாங்கக்கூடிய சிறு தொகைக்கு விளம்பரம் செய்து பாருங்கள்.